பிரிக்காத உறையும் உள்ளிருக்கும் கையொப்பமும்

கையொப்பமிட்ட புத்தகங்களைச் சேகரிப்பவர்கள் நடுவே விசித்திரமான சரக்கு ஒன்று கைமாறிக்கொண்டே இருக்கிறது. பதிப்பகத்திலிருந்து பிளாஸ்டிக் உறை போர்த்தி வந்த நிலையிலேயே, ஒருமுறைகூடப் பிரிக்கப்படாமல், ‘ஆசிரியர் கையொப்பமிட்டது’ என்ற ஒட்டுவில்லையோடு விற்கப்படும் புத்தகம் அது. சாதாரணப் பிரதியைவிடக் கூடுதலாக வாங்குபவர் தரும் பணம் முழுவதும், உள்ளே ஏதோ ஒரு பக்கத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் இரண்டு அங்குல மைக்கோட்டுக்காகத் தரப்படுகிறது. ஆனால் அந்தக் கோட்டை விற்பவர் பார்த்ததில்லை. அவருக்கு விற்றவரும் பார்த்ததில்லை. வாங்கியவர் அதைப் பிரிக்காமலே இன்னொருவருக்குத் தள்ளிவிட்டால் அவரும் பார்க்கப்போவதில்லை. நானும் இத்தகைய புத்தகங்களை வாங்குகிறேன், சிலவற்றை விற்கவும் செய்கிறேன். உறை பிரிபடாமல் இருப்பது புத்தகத்தின் நிலைக்கு ஓரளவு சாட்சி சொல்லும், கையொப்பத்துக்கு எந்தச் சாட்சியும் சொல்லாது என்பது என் கருத்து. சந்தையோ இரண்டையும் ஒன்றாக எண்ணி விலை வைக்கிறது.

கையொப்பம் புத்தகத்துக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வாசகர் சந்திப்பிலோ கடையிலோ எழுத்தாளர் மேசைமுன் அமர்ந்து, முடிந்த புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் கையொப்பமிடுவது நாம் எல்லோரும் அறிந்த முறை. பெரிய எண்ணிக்கையில் விற்கப்படும் பிரதிகளுக்கு அது சரிப்படாது என்பதால், பதிப்பகங்கள் வெற்றுத்தாள்களையோ தலைப்பு மட்டும் அச்சிட்ட தாள்களையோ பெட்டி பெட்டியாக எழுத்தாளரின் வீட்டுக்கு அனுப்புகின்றன. அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பிய தாள்கள் நூல் கட்டும் கூடத்துக்குப் போய், மற்றப் பக்கங்களோடு சேர்த்துப் புத்தகமாகக் கட்டப்படுகின்றன. புத்தகம் உருவாகும் முன்பே போடப்பட்ட கையொப்பம் இது. எழுத்தாளரின் கை அந்தத் தாளைத் தொட்டிருக்கும், புத்தகத்தைத் தொட்டிருக்காது. இதனால் இவ்வகைப் பிரதிகளைத் தாழ்வாக எண்ணும் பழைய தலைமுறைச் சேகரிப்பாளர்கள் உண்டு. எனக்கு அந்த அளவு கறார் இல்லை, என்றாலும் தலைப்புப் பக்கத்திலேயே இட்ட கையொப்பத்துக்கும் தனித்தாளில் இட்டுக் கட்டப்பட்ட கையொப்பத்துக்கும் ஒரே விலை கேட்பவரிடம் நான் பேரம் பேசாமல் இருப்பதில்லை. மூன்றாவது வகை, கையொப்பமிட்ட ஒட்டுச்சீட்டைப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டித் தருவது. ஒட்டுச்சீட்டு எந்தப் புத்தகத்துக்கும் இடம் மாறக்கூடியது என்பதால் அதற்கு மதிப்பு மிகக் குறைவு.

உறையோடு விற்கப்படும் பிரதியைப் பற்றி முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே பிறக்கிறது. கையொப்பத் தாள் நூலைக் கட்டும்போதே சேர்க்கப்பட்டிருந்தால், புத்தகம் கட்டி முடிந்ததும் உறையிடப்பட்டு நேராக வெளியே வருவது இயல்பு. விற்பனை அறிவிப்பில் ‘உறை பிரிக்கப்படாதது, தலைப்புப் பக்கத்தில் நேரடியாகக் கையொப்பமிட்டது’ என்று இருந்தால், முடிந்த புத்தகத்தைத் திறந்து எழுத்தாளர் கையொப்பமிட்ட பிறகு யாரோ உறையிட்டிருக்கிறார்கள் என்று பொருள். பதிப்பகத்தின் கிடங்கிலோ கடையிலோ நேர்மையாகவே இப்படிச் செய்வதுண்டு. ஆனால் உறையிட்டது யார், எப்போது என்று கேட்டதும் பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் மேற்கொண்டு பேச எனக்கு எதுவும் இருப்பதில்லை.

2022ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் ‘தி ஃபிலாசஃபி ஆஃப் மாடர்ன் சாங்’ நூலுக்கு நேர்ந்ததை, இந்தத் துறையில் இருப்பவர்கள் யாரும் மறக்க முடியாது. சைமன் அண்ட் ஷூஸ்டர் பதிப்பகம் 900 பிரதிகளை அவர் கையாலேயே கையொப்பமிட்டவை என்று அறிவித்து, பதிப்பகத் தலைவரின் உறுதிக் கடிதத்தையும் உடன் வைத்து விற்றது. பிரதிகள் வந்து சேர்ந்ததும் வாங்கியவர்கள் தத்தம் கையொப்பப் பக்கத்தைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் காட்டத் தொடங்கினார்கள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் அச்சுப் பிசகாமல் பொருந்தும் கையொப்பங்கள் அந்தப் படங்களில் இருந்தன. அவை ஆட்டோபென் என்னும் இயந்திரப் பேனாவால் இடப்பட்டவை என்பது வெளியே வந்தது. பதிப்பகம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. 2019 முதல் தலைச்சுற்றல் நோயால் அவதிப்பட்டதையும் பெருந்தொற்றுக் காலத்து இடர்ப்பாடுகளையும் குறிப்பிட்டு, இயந்திரத்தைப் பயன்படுத்தியது தன் தவறான முடிவு என்று டிலனும் அறிக்கை வெளியிட்டார். இந்த உண்மை வெளிப்பட்டதற்கு ஒரே காரணம், வாங்கியவர்கள் புத்தகத்தைத் திறந்து பார்த்ததுதான். 900 பேரும் மறுவிற்பனை மதிப்பை நினைத்து, வந்த பொட்டலத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்தால், அவை இன்றும் உறுதிக் கடிதத்தோடு கூடிய அசல் கையொப்பப் பிரதிகளாகவே ஏலத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இயந்திரக் கையொப்பம் புதிய தந்திரமும் அல்ல. எழுதும்போதே இரண்டாவது பேனா நகலெடுக்கும் கருவிக்கு ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்பவர் 1803இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்க அதிபராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் தன் கடிதங்களுக்கு அதை விரும்பிப் பயன்படுத்தினார். ஒருவர் இல்லாத இடத்தில் அவர் கையொப்பத்தை ஆயிரக்கணக்கில் போட்டுத்தள்ளும் ஆட்டோபென் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விற்பனைக்கு வந்து, அரசியல்வாதிகளின் அலுவலகங்களில் நிலைபெற்றது. அதைக் கண்டுபிடிக்கும் வழிகள் எல்லாமே கண்ணால் பார்த்துச் செய்பவை. மனிதக் கை எழுதும்போது கோடு தொடங்கும் இடத்தில் மெலிந்து, திருப்பத்தில் அழுந்தி, முடிவில் காற்றில் இழுபட்டு மறையும். இயந்திரத்தின் கோட்டில் அழுத்தம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராக இருப்பதோடு, பேனா இறங்கிய இடத்திலும் எழுந்த இடத்திலும் மைப்புள்ளி தேங்கியிருக்கும், நீண்ட வளைவுகளில் சிறு நடுக்கமும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மனிதனாலும் ஒரே கையொப்பத்தை இரண்டு முறை துல்லியமாகப் போட முடியாது. ஆகவே இரண்டு பிரதிகள் கச்சிதமாகப் பொருந்தினால் வேறு சான்றே வேண்டியதில்லை. இந்தச் சோதனைகளில் ஒன்றைக்கூட உறைக்கு வெளியிலிருந்து செய்ய முடியாது.

இடையில் ஒரு சுவையான விதிவிலக்கு. எழுத்தாளர் மார்கரெட் ஆட்வுட் தொலைவிலிருந்தே கையொப்பமிடுவதற்காக ‘லாங்பென்’ என்ற கருவியை உருவாக்கச் செய்து, 2006இல் லண்டன் புத்தகக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தினார். எழுத்தாளர் ஓரிடத்தில் திரையில் எழுத, வேறொரு நாட்டில் இயந்திரக் கை உண்மையான மையால் அதே அசைவுகளோடு புத்தகத்தில் எழுதும். ஒவ்வொரு கையொப்பமும் அந்த நேரத்தில் ஒரு மனிதர் உண்மையாகவே இட்டது. ஆனால் அவர் அங்கே இல்லை. இதை அசல் என்பதா இல்லையா என்று சேகரிப்பாளர்கள் முடிவின்றி வாதிடலாம். என்னைக் கேட்டால், விற்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டால் போதும்.

இயந்திரப் பேனாவைவிட இப்போது அதிகம் தட்டுப்படுவது அச்சிட்ட கையொப்பம். மாதச் சந்தா கட்டுபவர்களுக்கு வண்ண விளிம்பு, சிறப்பு அட்டை, கூடுதல் ஓவியங்களோடு புத்தகம் அனுப்பும் நிறுவனங்களில் சில, கையால் இட்டவற்றையும் அனுப்புகின்றன, கையொப்பத்தை ஸ்கேன் செய்து எடுத்துப் பக்கத்தோடு சேர்த்து அச்சிட்டவற்றையும் அனுப்புகின்றன. இரண்டாவது வகையை அந்த நிறுவனங்கள் ‘டிஜிட்டல் கையொப்பம்’ என்று வெளிப்படையாகவே குறிப்பிடும்போது அதில் ஏமாற்று எதுவும் இல்லை. மறுவிற்பனைக்கு வரும்போதுதான் அந்தச் சொல்லில் பாதி உதிர்ந்து ‘கையொப்பம்’ மட்டும் மிஞ்சுகிறது. பிரித்த புத்தகமாக இருந்தால் பூதக்கண்ணாடி ஒன்றே போதும். நான்கு வண்ண அச்சாக இருந்தால் கோடு நுண்புள்ளிகளாகச் சிதறித் தெரியும். ஒரே கருப்பில் அச்சிட்டிருந்தால் பக்கத்தின் மற்ற எழுத்துகளுக்கும் கையொப்பத்துக்கும் நிறத்திலும் பளபளப்பிலும் வேறுபாடே இராது. கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை இருமடங்கு அடர்ந்திருக்காது. தாளின் மறுபுறத்தில் பேனா அழுந்திய தடமோ மை ஊறிய நிழலோ காணப்படாது.

கையொப்பம் உண்மையானது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் புத்தகம் எத்தனையாவது அச்சு என்பது இன்னொரு திரை. ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் காப்புரிமைப் பக்கத்தின் அடியில் 10 முதல் 1 வரையிலான எண்கள் ஒரே வரியில் இருக்கும். ஒவ்வொரு மறு அச்சிலும் ஓர் எண்ணை நீக்குவார்கள் என்பதால், வரியில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்ணே அச்சின் எண். முதல் பதிப்பின் முதல் அச்சுக்கும் நான்காம் அச்சுக்கும் சேகரிப்பாளர் சந்தையில் பெரிய இடைவெளி உண்டு. முன்கூட்டியே கையொப்பமிட்டு வாங்கி வைத்த தாள்களில் மிஞ்சியவற்றைப் பிந்தைய அச்சிலும் சேர்த்துக் கட்டுவதற்குத் தடை ஏதுமில்லை. உறை பிரிக்காமல் கிடைக்கும் முதல் துப்பு பின்னட்டையில் தெரியும் ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண். பெரிய பதிப்பகங்கள் பல கையொப்பப் பதிப்புக்குத் தனி எண் தருவதால், பட்டைக் குறியீட்டுக்கு மேலிருக்கும் எண் சாதாரணப் பதிப்பின் எண்ணோடு ஒத்துப்போகிறதா, வேறுபடுகிறதா என்று ஒப்பிடலாம். வேறுபட்டால் நல்ல அறிகுறி. ஒத்துப்போனால் உடனே சந்தேகப்பட வேண்டாம். கேள்விகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஒட்டுவில்லை எங்கே இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். உறைக்குள்ளே மேலட்டையின் மீது ஒட்டப்பட்டிருந்தால் அது புத்தகத்தோடு வந்தது. உறையின் வெளிப்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தால் அதை நிதானமாக உரித்து வேறொரு புத்தகத்தின் உறையில் ஒட்ட யாராலும் முடியும். உறையும் அப்படித்தான். வெப்பத்தில் சுருங்கும் பிளாஸ்டிக் படலமும், ஓரத்தை அடைக்கும் கம்பியும், சூடான காற்றை ஊதும் கைக்கருவியும் சிறு பொதிகட்டுபவர் எவரிடமும் இருக்கும் சாதாரணப் பொருட்கள். பதிப்பகம் எந்த விளிம்பில் தையல் போல் அடைக்கிறது, காற்று வெளியேற எங்கே துளையிடுகிறது, படலம் எவ்வளவு கனம் என்பதை அதே பதிப்பின் பிற பிரதிகளோடு ஒப்பிட்டால்தான் ‘ஆலையில் இட்ட உறை’ என்ற பேச்சுக்குக் கொஞ்சமேனும் அர்த்தம் வரும்.

இனி உறை புத்தகத்துக்குச் செய்யும் கெடுதல். பிரிக்காமல் வைத்தால் புத்தகம் புதிதாகவே இருக்கும் என்ற நம்பிக்கை மிகப் பரவலானது. நீண்ட காலத்துக்கு அது பொருந்தாது. சுருங்கிய படலம் எப்போதும் இழுவிசையிலேயே இருக்கிறது. காலப்போக்கில் அது அட்டைகளை உள்நோக்கியோ வெளிநோக்கியோ வளைத்துவிடும், மெல்லிய மூலைகளை அமுக்கும். உறையிட்ட நாளில் தாளில் இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல், வெப்பம் ஏறி இறங்கும் அறையில் உள்ளேயே ஆவியாகிப் படிந்து, தாளில் அலையலையாகச் சுருக்கத்தையும் சில வேளைகளில் பூஞ்சையையும் உண்டாக்கும். படலம் எதனால் ஆனது என்பதும் முக்கியம். பழைய பொதிகளில் பயன்பட்ட பிவிசி நாளடைவில் சிதைந்து அமிலத்தை வெளிவிடுவதோடு, அதில் கலந்திருக்கும் நெகிழ்வூட்டும் வேதிப்பொருள் கசிந்து மேலட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது மிகுதியாகப் பயன்படும் பாலியோலெஃபின் படலம் அவ்வளவு மோசமில்லை, ஆனால் இழுவிசையும் ஈரமும் அதிலும் இருக்கவே செய்கின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து நார்வாக்கிலிருந்து ஈஸ்டன் பிரஸ் வெளியிடும் தோல் அட்டைக் கையொப்பப் பதிப்புகள் பிரிக்காத நிலையில் ஏராளமாகக் கைமாறுகின்றன. அதே வகைப் பதிப்புகளை வெளியிட்டுவந்த ஃபிராங்க்ளின் லைப்ரரி 2000இல் நின்றுபோனது. அதன் புத்தகம் இன்றும் முதல் உறைக்குள்ளேயே இருந்தால், தோல் அட்டை கால் நூற்றாண்டாக மூச்சு விடாமல் கிடக்கிறது என்று பொருள். அதை ஒரு தகுதியாகச் சொல்லி விலை ஏற்றுவது எனக்கு விளங்கவில்லை.

நான் வைத்துக்கொள்ளும் புத்தகங்களை எல்லாம் பிரித்துவிடுகிறேன். பின்னட்டைப் பக்கத்தில், விளிம்பிலிருந்து தள்ளி, படலத்தை மட்டும் விரலால் தூக்கிக் கத்தரித்து, ஒட்டுவில்லை இருக்கும் துண்டைத் தனியே எடுத்து வைத்து, மேலட்டைக்கு ஆவணக் காப்பகங்களில் பயன்படுத்தும் பாலியஸ்டர் உறையைப் போட்டு, 30 முதல் 50 சதவீத ஒப்பு ஈரப்பதம் உள்ள இடத்தில் நேராக நிறுத்தி வைப்பதே என் வழக்கம். வாங்கிய ரசீதும் பதிப்பகத்தின் அறிவிப்பும் புத்தகத்தோடு சேர்ந்தே இருக்கும். இந்தக் காகிதங்கள் எந்த அலங்காரச் சான்றிதழையும்விடப் பின்னாளில் பயன்படும்.

சான்றிதழ்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1990களில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் போலிக் கையொப்பக் கும்பல்களைப் பிடித்தபோது, கைப்பற்றிய பொருட்களில் அன்னை தெரசாவின் கையொப்பமிட்ட பேஸ்பால் பந்துகூட இருந்தது. அந்தக் கும்பல்களின் சரக்கும் சான்றிதழோடுதான் விற்பனைக்குப் போனது. கலிஃபோர்னியா மாநிலம் ஐந்து டாலர் அல்லது அதற்கு மேல் விலையுள்ள கையொப்பமிட்ட பொருள் எதை விற்றாலும் வியாபாரி விரிவான சான்றிதழ் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்து 2017 தொடக்கத்தில் நடைமுறைப்படுத்தியது. எழுத்தாளர் சந்திப்புகள் நடத்தும் சிறு புத்தகக் கடைகளால் ஒவ்வொரு பிரதிக்கும் அத்தகைய சான்றிதழைத் தந்து பதிவு வைத்திருக்க முடியாது என்று எதிர்ப்பு எழுந்தது, கடைக்காரர் ஒருவர் நீதிமன்றத்துக்கும் போனார். அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டுப் புத்தகங்களுக்கு விலக்கு கிடைத்தது. விலக்கு சரியே என்று நினைக்கிறேன். யார், எப்போது, எங்கே கையொப்பம் வாங்கினார் என்ற விவரம் இல்லாத சான்றிதழ் வெறும் தாள். அந்த விவரம் இருந்தால் அது சாதாரணக் கடிதமாக இருந்தாலும் போதும்.

மறுவிற்பனையே இழிவானது என்று பேசுபவர்களோடு நான் உடன்படுவதில்லை. வாங்கிய புத்தகம் வாங்கியவருடையது என்பது பழைய வழக்கு. குறிப்பிட்ட விலைக்குக் குறைவாக விற்கக் கூடாது என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருந்த ஒரு பதிப்பகத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908இல் தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் அச்சிட்ட பிரதிகளுக்கும் இது பொருந்தும் என்று 2013இல் உறுதிசெய்தது. எனக்கு ஒவ்வாதது வேறு. முன்பதிவு தொடங்கிய நிமிடத்திலேயே பல பெயர்களில் பிரதிகளைப் பதிந்துவிட்டு, புத்தகம் கைக்கு வருவதற்கு மாதங்கள் முன்பே பன்மடங்கு விலையில் விற்பனைக்கு அறிவிப்பவர்கள், தங்களிடம் இல்லாத ஒன்றை விற்கிறார்கள். பதிப்பகம் பாதியில் ஒதுக்கீட்டைக் குறைத்தாலோ, கையொப்பம் அச்சாக மாறிவிட்டாலோ நட்டம் கடைசியாக வாங்கியவர் தலையில் விழும்.

அந்த முன்பதிவுக் காலத்து விலை பெரும்பாலும் நிற்பதும் இல்லை. கையொப்பமிட்ட பிரதி அரியது என்ற எண்ணம் எண்ணிக்கையைப் பார்க்காமல் எழுவது. ஜான் கிரீன் 2012இல் வெளிவந்த ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவலின் முதல் அச்சு முழுவதற்கும், அதாவது 1,50,000 பிரதிகளுக்கும், தாள்களில் கையொப்பமிட்டார். அங்கே கையொப்பம் இல்லாத முதல் அச்சுதான் இருக்க முடியாத பொருள். அவர் சகோதரரும் மனைவியும் அந்தத் தாள்களில் சிலவற்றில் சிறு கிறுக்கல் படங்கள் வரைந்திருந்தார்கள். சேகரிப்பாளர்கள் தேடுவது அவற்றை. உயிரோடு இருக்கும், ஊர் ஊராகச் சென்று சலிக்காமல் கையொப்பமிடும் எழுத்தாளரின் புத்தகத்தை உறையோடு பதுக்கிவைப்பதால் லாபம் வருவது அபூர்வம். சிறிய எண்ணிக்கையில் அச்சான முதல் நாவல், பின்னர் பெரிய பரிசு பெற்ற எழுத்தாளரின் ஆரம்பகாலப் புத்தகம், எண்ணிட்டு வெளியான குறும்பதிப்பு ஆகியவற்றுக்கே விலை நின்று ஏறுகிறது. அவற்றை வாங்க வருபவரும் கையொப்பப் பக்கத்தையும் அச்சு எண் வரியையும் படமெடுத்து அனுப்பச் சொல்வார். உறை அங்கே உதவிக்கு வராது.

ஆகவே நான் விற்கும்போது பிரித்த பிரதியாகவே விற்கிறேன்: கையொப்பம் தனித்தாளிலா தலைப்புப் பக்கத்திலா, எத்தனையாவது அச்சு, எங்கிருந்து வாங்கியது என்பவற்றை எழுதி, சாய்வான ஒளியில் எடுத்த படத்தையும் சேர்த்துவிடுவேன். பிரிக்காத பிரதிதான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்பவருக்கு என்னிடம் அப்படி ஒன்று இருந்தால் தருவதுண்டு. அப்போது, உள்ளே கையொப்பம் இருப்பதைப் பதிப்பகத்தின் சொல்லை நம்பியே சொல்கிறேன் என்று எழுதிவிட்டு, பிரித்துப் பார்த்துக் கையொப்பம் இல்லையென்றாலோ கையால் இட்டதில்லை என்றாலோ பிரித்த நிலையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் எழுதித் தருவேன். பல விற்பனை அறிவிப்புகளில் இதற்கு நேர் எதிராக, உறையைப் பிரித்தால் புத்தகத்தைத் திரும்பப் பெற முடியாது என்று ஒரு நிபந்தனை அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். கையொப்பம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் ஒரே வழியைச் செய்தவுடன் பணம் திரும்பி வராது என்று சொல்லும் அந்த வரியைக் கண்டால், புத்தகம் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் நான் வாங்குவதில்லை.